காலையில் மட்டும் இருமிய எஞ்சின்

ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால் மணி. தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தின் 28 ரன்வேயிலிருந்து மேற்கே ஏறிக்கொண்டிருந்தோம். எதிரே வல்லநாட்டு மலை. அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் கிடந்தது. தரையிலிருந்து 600 அடி தாண்டிய நேரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடியே விமானம் முழுவதும் நடுங்கத் தொடங்கியது. டேஷ்போர்டு மேல் இருந்த பேனா உருண்டு என் மடியில் விழுந்தது. 2,450 சுற்றில் நின்ற ஆர்பிஎம் முள் 2,050க்கு இறங்கி அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது.

என் கை முதலில் போனது கார்ப் ஹீட் குமிழுக்கு. கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பிவிடும் குமிழ் அது. கை ஏன் அங்கே போனது என்பதுதான் இந்த ஆய்வின் நடுக்கேள்வி, பின்னால் வருகிறேன். இழுத்ததும் இன்னொரு 100 சுற்று போனது, நடுக்கமும் கூடியது. திரும்ப உள்ளே தள்ளினேன். மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மணிக்கு 80 மைலில் பிடித்தேன். 1975இல் செய்த செஸ்னா 172எம் இது. இதன் வேகமானி மைலில்தான் காட்டும். பெட்ரோல் குழாய் இரண்டு டேங்குக்கும் திறந்திருந்தது. பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்சர் குமிழ் முழுவதும் உள்ளே. பிளக்குகளுக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவின் சாவி சரியான இடத்தில். எல்லாம் சரியாக இருக்க, எஞ்சின் மட்டும் சரியில்லை.

வலது இருக்கையில் என் மைத்துனர். விமானம் எங்கள் இருவருக்கும் கூட்டுச் சொத்து. "அத்தான், எடது பக்கம் குளம் காஞ்சு கெடக்கு. நடுவுல மரம் இல்ல, கரைய ஒட்டித்தான் கருவேலம்" என்றார். எஞ்சின் நின்றால் அங்கேதான் என்று முடிவு செய்துகொண்டு, த்ராட்டிலைக் கொஞ்சம் குறைத்தேன். நடுக்கம் தணிந்தது. உயரம் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. மனதுக்குள் பதினைந்து எண்ணினேன். உயரமானி அசையவில்லை. டவருக்குச் சொல்லிவிட்டு, மிகக் குறைந்த சாய்வில் பெரிய வட்டமாகத் திரும்பி, எதிர்ப்பக்கமாக 10 ரன்வேயில், முதுகில் லேசான காற்றோடு இறங்கினோம். சக்கரம் தரையைத் தொட்டபோது அறைக்குள் சூடான எண்ணெய் வாடை அடித்தது.

யாருக்கும் அடி இல்லை. விமானத்துக்கு வெளிச்சேதம் இல்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவுக்கு முறைப்படி தெரிவித்தோம். ஆனால் அந்த 'டொக்' ஐந்து மாதமாக வந்துகொண்டிருந்த ஒன்று என்பது மூடியைக் கழற்றிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

மூடிக்குள் இருந்தது

இதன் எஞ்சின் லைக்கோமிங் ஓ-320-ஈ2டி. நான்கு சிலிண்டர், 150 குதிரைத்திறன், காற்றால் குளிரும் வகை. சிலிண்டர்கள் இரண்டு இரண்டாகப் பக்கவாட்டில் படுத்திருக்கும். வலது பின்னால் இருப்பது மூன்றாம் எண்.

எங்கள் பொறியாளர் அண்ணாச்சி மூன்றாம் சிலிண்டரின் ராக்கர் மூடியைத் திறந்ததும் ஒன்றும் பேசாமல் விலகி நின்று என்னைப் பார்க்கச் சொன்னார். எரிந்த புகையை வெளியே விடும் எக்சாஸ்ட் வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் கை தொளதொளவென்று ஆடியது. விரலால் தள்ளினால் போகும், விட்டால் வரும். அதற்கு உந்துதல் தரவேண்டிய புஷ் ராட் என்ற கம்பி தன் குழியிலிருந்து விலகி, வெண்டைக்காய் முனை மாதிரி வளைந்திருந்தது. அதை மூடியிருந்த குழாயும் நெளிந்து, அதன் அடியிலிருந்து எண்ணெய் கசிந்து புகைக்குழாய்மேல் சொட்டியிருந்தது. வாடை அதுதான். வால்வ் முழுவதும் மூடாமல், பாதி வழியில் தன் கைடுக்குள் சிக்கி நின்றிருந்தது. ஸ்பிரிங் அழுத்தியும் அதை மூட முடியவில்லை.

எக்சாஸ்ட் வால்வின் தண்டு 'கைடு' என்ற உலோகக் குழலுக்குள் மேலும் கீழும் போய்வரும். தண்டுக்கும் குழலுக்கும் நடுவே இருப்பது ஒரு மயிரிழை இடைவெளி. எரிந்த எண்ணெயின் கரியும் பெட்ரோலில் இருக்கும் ஈயத்தின் படிவும் அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன. அன்று காலை எஞ்சினைப் போதுமான அளவு சூடேற்றாமல் முழு விசை கொடுத்தேன். அப்போது தண்டு சட்டென்று சூடேறிப் பருக்கும். கைடும் அதைச் சுற்றிய சிலிண்டர் தலையும் மெதுவாகத்தான் சூடேறும். மிச்சமிருந்த இடைவெளியும் போய், தண்டு பிடித்துக்கொண்டது.

சூடேற்றாமல் ஏன் கிளம்பினேன்? தனியார் விமானம் ஒவ்வொரு முறை பறக்கவும் பயணத் திட்டம் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதிக்கான ஏடிசி எண்ணும் தகவல் மையத்தின் எஃப்ஐசி எண்ணும் வாங்கவேண்டும். அன்று எண் வரத் தாமதமானது. வந்ததும், அதற்குரிய நேரம் கடந்துவிடக் கூடாதே என்ற அவசரம். எண்ணெய் வெப்பமானி முள் பச்சைக் கோட்டின் அடியைத் தொட்டதுமே ரன்வேக்கு நகர்த்திவிட்டேன். விதிப்படி அது தவறில்லை. அந்த எஞ்சின் இருந்த நிலைக்குத்தான் அது பொருந்தவில்லை.

ஒரே நோய்க்கு மூன்று பெயர்

லாக் புக்கையும் பராமரிப்புப் பதிவேட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து அண்ணாச்சியும் நானும் உட்கார்ந்தோம்.

பங்குனியில் ஒரு பதிவு. ஏழு வாரம் பறக்காமல் நின்றபின் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் இருபது நொடி தட்டுத்தடுமாறி, பிறகு சீரானது. 'நீண்ட நாள் நின்றதால்' என்று நானே எழுதியிருக்கிறேன். சித்திரையில் மறுபடி அதே தடுமாற்றம், இந்த முறை அரை நிமிடம். மூன்றாம் சிலிண்டரின் கீழ் பிளக்கைக் கழற்றிப் பார்த்ததில் ஈயமணிகள் இருந்தன. கடுகு அளவில், சாம்பல் நிறத்தில், பிளக்கின் இடுக்கில் ஒட்டிக்கொண்டு. சுத்தம் செய்து மாட்டியதும் அடுத்த இரண்டு ஸ்டார்ட் நன்றாக இருந்தது. 'பிளக் அழுக்கு, சரிசெய்யப்பட்டது' என்பது மைத்துனர் கையெழுத்து.

ஆடியில் மூன்றாவது. குற்றாலத்தில் சாரல் கட்டிய காலம். தென்காசிக்குக் கிழக்கே, மலையிலிருந்து தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆடிக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பிய்த்துக்கொண்டு வரும். மலையை நெருங்கினால் சிறு விமானத்தைத் தூக்கி எறிந்துவிடும் என்பதால் எப்போதும் தள்ளியே பறப்போம். விசையைக் குறைத்து இறங்கத் தொடங்கியதும் எஞ்சின் குலுங்கியது. கார்ப் ஹீட்டை இழுத்தேன். இன்னும் மோசமாகக் குலுங்கி, ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிட்டது. தரையில் சோதித்தபோது எல்லாம் நன்றாக இருந்தது. 'கார்புரேட்டரில் ஐஸ்' என்று எழுதி மூடிவிட்டோம்.

நம் ஊர் வெயிலில் ஐஸா என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் அங்கே வெப்பம் 20 டிகிரிக்கு மேல்கூட இறங்கும். வெளியே 27 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் அதிகமிருந்து விசையும் குறைவாக இருந்தால் உள்ளே பனிக்கட்டி பிடிக்கும். சாரல் நேரத்துத் தென்காசி அதற்குப் பொருத்தமான இடம்தான். அதனால்தான் அந்த விளக்கம் எங்களுக்கு அவ்வளவு எளிதாகப் பட்டது. ஐஸ் இறங்குவதற்குள் உருகிவிடும், தடயம் வைக்காது. அதை ஆம் என்றும் நிரூபிக்க முடியாது, இல்லை என்றும் நிரூபிக்க முடியாது.

அண்ணாச்சி நிரூபித்தார். அன்று மைத்துனர் போனில் எடுத்த வீடியோ இருந்தது. அருவியை எடுக்கப்போய், எஞ்சின் சத்தமும் அதில் பதிந்திருந்தது. காதில் ஹெட்செட்டை அழுத்திக்கொண்டு நாலைந்து முறை கேட்டார்.

"தம்பி, ஐஸு புடிச்சா இப்படிக் கேக்காது. மொதல்ல சுத்து கொஞ்சங் கொஞ்சமா எறங்கும், நாம கவனிக்காமக்கூட இருப்போம். அப்புறந்தான் கொலுங்கும். இதுல பாருங்க, நல்லா ஓடிக்கிட்டே இருந்தது, பட்டுனு விட்டுப்போச்சு. ஒரே சிலிண்டரு."

கணக்கும் அதையே சொன்னது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 2,300 சுற்றில் ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 19 முறை எரியவேண்டும். நான்கும் எரிந்தால் ஒரே சீரான ரீங்காரம். ஒன்று விட்டுப்போனால் நொடிக்கு 19 தடவை ஒரு பள்ளம் விழும். உடம்பில் அது நடுக்கமாகத் தெரியும். வீடியோவில் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டு படபடத்ததும் ஆவணியில் பேனா உருண்டதும் ஒரே நடுக்கம். இறங்கும்போது கார்ப் ஹீட் அதைச் சரிசெய்யவில்லை. வால்வ் தானாக விடுபட்ட நேரமும் நான் குமிழை இழுத்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

'நின்றதால்', 'பிளக்', 'ஐஸ்' என மூன்று பக்கங்களில், இரண்டு கையெழுத்துகளில் ஒரே வால்வ். ஒவ்வொன்றும் தானாகவே சரியானதால் ஒவ்வொன்றையும் முடிந்த கதையாக எழுதினோம். ஆவணியில் 600 அடியில் என் கை கார்ப் ஹீட்டுக்கு முதலில் போனதும் இதனால்தான். ஆடியில் நாங்கள் வைத்த தவறான பெயர் என் கையில் பழக்கமாக ஏறியிருந்தது. அது எனக்கு 100 சுற்றையும் சில நொடிகளையும் செலவாக்கியது. அந்த உயரத்தில் இரண்டும் விலை அதிகம்.

குளிர்ந்த எஞ்சின் முதல் ஸ்டார்ட்டில் தடுமாறி, சூடானதும் சீராவதை 'மார்னிங் சிக்னஸ்' என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். லைக்கோமிங்கில் அது வால்வ் சிக்குவதன் முதல் அறிகுறி என்பது தொழிலில் உள்ளவர்களுக்குப் புதிதில்லை. அண்ணாச்சியிடம் நாங்கள் அதைச் சொல்லவே இல்லை. அவர் வரும்போது எஞ்சின் எப்போதும் சூடாக, சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும்.

வருட ஆய்வில் ஏன் தெரியவில்லை

முந்தைய வருடாந்தர ஆய்வை வேறொரு பராமரிப்பு நிறுவனம் செய்திருந்தது. அதில் மூன்றாம் சிலிண்டரின் கம்ப்ரஷன் 80க்கு 75. நல்ல எண். ஆனால் அந்தச் சோதனை மூடிய வால்வ் காற்றை விடாமல் பிடிக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். அந்த வால்வ் தடையில்லாமல் நகர்கிறதா என்பது அதில் தெரியாது. நகர்வைப் பார்க்க லைக்கோமிங்கின் சர்வீஸ் புல்லட்டின் 388சி சொல்லும் 'வாபிள்' சோதனை இருக்கிறது. வால்வ் தண்டைப் பக்கவாட்டில் அசைத்து, எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜில் அளப்பார்கள். ரொம்ப ஆடினால் கைடு தேய்ந்திருக்கிறது; ஆடவே இல்லையென்றால் படிவு நிறைந்திருக்கிறது. சாதாரண விமானத்துக்கு 1,000 மணிக்கு ஒருமுறை, சந்தேகம் வந்தால் முன்பே. எங்கள் எஞ்சின் ஓவர்ஹால் முடிந்து 610 மணிதான் ஓடியிருந்தது. ஆகவே யாரும் கேட்கவில்லை. அந்த நிறுவனத்தின்மேல் எனக்குக் குறை இல்லை. சந்தேகத்துக்கான காரணம் எங்கள் புத்தகத்தில் இருந்தது, அவர்கள் கையில் இல்லை.

610 மணியிலேயே இப்படி ஆனதற்கு இந்த எஞ்சினின் பழமையும் ஒரு காரணம். 7க்கு 1 என்ற குறைந்த அழுத்த விகிதம் கொண்ட இதை 80/87 ரக விமானப் பெட்ரோலுக்காக வடிவமைத்தார்கள். அதில் லிட்டருக்கு அதிகபட்சம் 0.14 கிராம் ஈயம். இன்று கிடைப்பது 100எல்எல், அதில் 0.56 கிராம் வரை இருக்கலாம். பெயரில் 'குறைந்த ஈயம்' என்று இருந்தாலும் இந்த எஞ்சினுக்கு அது நான்கு மடங்கு. நமக்கு வேறு வழியும் இல்லை. 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் நாட்டிலேயே 100எல்எல் தயாரித்து வெளியிடும்வரை முழுவதும் இறக்குமதிதான். இப்போதும் பல விமான நிலையங்களில் ஜெட் எரிபொருள்தான் இருக்கும். நாங்கள் பீப்பாயில் வரவழைத்து வடிகட்டி ஊற்றுகிறோம்.

ஈயத்தைப் புகையோடு வெளியேற்ற அந்தப் பெட்ரோலிலேயே எத்திலீன் டைபுரோமைடு கலந்திருக்கும். ஆனால் அது வேலைசெய்ய எரியறை நன்றாகச் சூடாகவேண்டும். நாங்களோ அனுமதிக்காகக் காத்திருக்கும்போது மிக்சரை முழுவதும் உள்ளே வைத்து, 700 சுற்றில் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டிருக்கிறோம். பெட்ரோல் மிகுந்து, எரியறை குளிர்ந்து, ஈயம் அப்படியே தங்கியது. பேட்டரி இறங்கிவிடுமோ என்ற பயத்தில் செய்த வேலை அது.

மூன்றாவது காரணத்தை அண்ணாச்சி டார்ச் அடித்துக் காட்டினார். சிலிண்டர்களைச் சுற்றித் தகடுகள் இருக்கும்; அவற்றின் விளிம்பில் ரப்பர் பட்டை எஞ்சின் மூடியோடு ஒட்டிநின்றால்தான் முன்னால் நுழையும் காற்று சிலிண்டர்களின் ஊடே இறங்கும். வலது பின்மூலையில் அந்த ரப்பர் வெயிலில் இறுகி, பின்பக்கமாகச் சுருண்டிருந்தது. இரண்டு விரல் நுழையும் இடைவெளி. மூன்றாம் சிலிண்டருக்குப் போகவேண்டிய காற்று அந்த வழியாக வீணாகிக்கொண்டிருந்தது. சிலிண்டர் தலை சூடானால் கைடில் எண்ணெய் கருகும். விமானம் திறந்த வெளியில், உறை போட்டு, கயிறு கட்டித்தான் நிற்கிறது. வெயிலும் உப்புக்காற்றும் ரப்பரை என்ன செய்யும் என்பது கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் எங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

திரும்பியது சரியா

இதைப் பற்றி என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேர் பாராட்டினார்கள். எனக்கு அதில் முழு ஒப்புதல் இல்லை.

எஞ்சின் முழுதாக நின்றால் முடிவு எளிது: நேரே இறங்கவேண்டும். பாதி விசை போனால்தான் ஆபத்து, ஏனென்றால் மிச்சமுள்ள பாதி நம்மைத் திரும்பச் சொல்லும். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிறுவனம் 2000 முதல் 2010 வரையிலான ஒற்றை எஞ்சின் விமான நிகழ்வுகளை ஆராய்ந்தது. கிளம்பியவுடன் பாதி விசை போனவை 242, முழுதாக நின்றவை 75. உயிர் போன ஒன்பது விபத்துகளும் பாதி விசை போனவற்றில்தான். திரும்பும்போது வேகம் குறைந்து, இறக்கை தூக்குதிறன் இழந்து விழுந்ததே பெரும்பாலும் காரணம்.

நான் செய்ததில் சரியானவை என்று நினைப்பது இரண்டு. முதலில் இறங்குமிடத்தைத் தேர்ந்துகொண்டேன். உயரம் நிலையாக இருக்கிறதென்று எண்ணிப் பார்த்த பிறகுதான் திரும்பினேன். தவறு என்று நினைப்பதும் உண்டு. அந்த நெடிய வட்டத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் குளமும் எட்டாது, ரன்வேயும் எட்டாது. கீழே உடைமரக் காடு. அந்த ஒரு நிமிடத்தில் புகைக்குழாய்மேல் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் குளத்தில் இறங்கியிருப்பேன்.

குளத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்தச் சீமையில் அவசரமாக இறங்கும் இடம் மாதத்துக்கு மாதம் மாறும். ஆனி முதல் ஆவணி வரை மானாவாரிப் பக்கத்துக் குளங்கள் பெரும்பாலும் வறண்டிருக்கும். ஆற்றுப் பாசன வயல்களில் அப்போது கார் நெல் சாகுபடி, தண்ணீரும் சேறும். ஐப்பசி, கார்த்திகையில் குளமெல்லாம் நிறைந்துவிடும், வயலில் பிசான நெல். மாசி, பங்குனியில் அறுத்த தாள் வயல் உண்டு, ஆனால் வரப்பு சக்கரத்தை உடைக்கும். மேலிருந்து பார்க்கும்போது வறண்ட குளத்தின் நடுவே பச்சையாகப் புதர்போலத் தெரிவது புதர் இல்லை, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கருவேலம். தெற்கே போனால் வேறு கவலை: விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கம்பங்கள் 471 மீட்டர் உயரம், அவற்றைத் தாங்கும் கம்பிகள் கண்ணுக்கே தெரியாது. கூடங்குளத்தை நெருங்கவே கூடாது. பணகுடி, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள். அதனால் மேற்கும் வடக்கும்தான் எங்கள் வழக்கமான வழி. மைத்துனர் ஒவ்வொரு மாதமும் பைக்கில் அந்தக் குளங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அன்று அவர் வாயிலிருந்து "மரம் இல்ல" என்று உடனே வந்தது அதனால்தான்.

சரிசெய்தது

கைடைக் குடைய வேண்டிய ரீமர் கருவி வெளியூரிலிருந்து வர ஒன்பது நாள் ஆனது. சிலிண்டரைக் கழற்றாமலே செய்யும் முறை ஒன்று உண்டு. லைக்கோமிங்கின் சர்வீஸ் இன்ஸ்ட்ரக்ஷன் 1425 அதை விவரிக்கிறது. பிளக் துளை வழியாக நைலான் கயிற்றைச் சுருள் சுருளாக உள்ளே திணித்து, புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றினார் அண்ணாச்சி. பிஸ்டன் மேலேறி, கயிற்றுப் பந்து வால்வை அடியிலிருந்து தாங்கிக்கொண்டது. பிறகு ஸ்பிரிங்கை அழுத்தி அதன் பூட்டுகளை எடுத்து, கயிற்றை உருவி, வால்வைச் சிலிண்டருக்குள்ளேயே நழுவவிட்டார். வெற்றுக் கைடுக்குள் ரீமரை விட்டு, கிரீஸ் தடவித் திருகத் திருக, கரி கறுப்புப் பசையாக ஒட்டிக்கொண்டு வந்தது. பழைய துணியில் துடைத்தால் காப்பித்தூள் வண்டல் மாதிரி நறநறத்தது. நாலைந்து முறை துடைத்தபின்தான் உலோகம் மின்னியது.

மூன்றாம் சிலிண்டருக்குப் புது புஷ் ராட், புதுக் குழாய். புஷ் ராட் ஒரே நீளத்தில் வருவதில்லை. எண்ணெய் வடித்த நிலையில் ராக்கருக்கும் வால்வ் முனைக்கும் இடைவெளி 0.028 முதல் 0.080 அங்குலத்துக்குள் வருமாறு பார்த்து நீளத்தைத் தேர்வார்கள். முதலில் வந்தது பொருந்தாமல் திருப்பி அனுப்பி, இன்னும் இரண்டு வாரம் போனது. மற்ற மூன்றையும் வாபிள் சோதனை செய்ததில் முதலாம் சிலிண்டரும் இறுக்கம். அதையும் குடைந்தோம். தகட்டு ரப்பர் நான்கு பக்கமும் மாற்றினோம்.

இப்போது தரையில் நிற்கும்போது 1,200 சுற்றுக்குக் குறைப்பதில்லை. மிக்சரை, எஞ்சின் இன்னும் கொஞ்சம் இழுத்தால் திணறும் என்ற இடம்வரை வெளியே இழுத்துவைக்கிறோம். நிறுத்துவதற்குமுன் 1,800 சுற்றில் இருபது நொடி. எண்ணெயை 50 மணி வரும்வரை காத்திராமல், நான்கு மாதக் கெடு வந்ததும் மாற்றுகிறோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு மணி நேரம் பறக்கிறோம். முடியாத மாதத்தில் அண்ணாச்சிக்குச் சொல்லிவிடுகிறோம். லாக் புக்கில் ஒரு தனிப் பத்தி சேர்த்திருக்கிறோம்: ஸ்டார்ட் ஆனபின் முதல் ஒரு நிமிடம் எஞ்சின் எப்படி ஓடியது. காரணம் எழுதக்கூடாது, கேட்டதை மட்டும் எழுதவேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்டளை.

அதற்குப்பின் 27 மணி பறந்திருக்கிறோம். அந்தப் பத்தியில் இருபத்திரண்டு வரி இருக்கிறது, எல்லாம் 'சீர்'. சென்ற வாரம் மட்டும் மைத்துனர் எழுதியிருந்தது: 'மூன்றாவது நொடியில் ஒருமுறை விட்டது போலத் தோன்றியது, உறுதியில்லை.' அன்று பறக்கவில்லை. அண்ணாச்சி வந்து நான்கு ராக்கர் மூடிகளையும் கழற்றினார். மூன்றாம் சிலிண்டரும் முதலாம் சிலிண்டரும் குடைந்தபோது இருந்த அளவிலேயே இருந்தன. இரண்டாம் சிலிண்டர் குறைந்தபட்ச அளவுக்குக் கொஞ்சம் மேலே. ரீமர் இந்த முறை எங்களிடமே இருக்கிறது. நாளை காலை அதைத்தான் செய்யப்போகிறோம்.